நாற்பது லிட்டர் கடல்

வீட்டில் முதன்முதலாகக் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: சின்னதாக ஆரம்பியுங்கள், கை பழகிய பிறகு பெரிதுக்குப் போகலாம். சமையல் பழகுபவர் ஊர் விருந்துக்கு உலை வைப்பதில்லை, இரண்டு பேருக்குத்தான் வடிக்கிறார்; அந்தக் கணக்கில் இந்த அறிவுரை நியாயமாகவே படுகிறது. பணம் குறைவு, இடம் குறைவு, கெட்டுப்போனாலும் நட்டம் குறைவு. ஆனால் உப்பு அள்ளிப் போடும்போது கை கொஞ்சம் தவறினால், விருந்து அண்டாவில் அது தெரியாமலே போய்விடும். இரண்டு பேர் குழம்பை வாயில் வைக்க முடியாது. கடல்நீர்த் தொட்டியும் இந்தக் குழம்பின் கட்சிதான். அளவு சுருங்கச் சுருங்க வேலை கடினமாகிறது, பிழைக்கு மன்னிப்பு குறைகிறது. கடல் தன் உயிர்களைக் காப்பது தன் அளவால். நாற்பது லிட்டர் தொட்டிக்கு அந்தச் சொத்து கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்ட வளர்ப்பவரிடம் இருக்கும் முதல் காலம் மட்டுமே: தொடக்கத்தில் காத்திருக்கும் காலம், பிறகு ஒரே வேலையை நாள் தவறாமல் செய்யும் காலம். கண்ணாடி, விளக்கு, மோட்டார், மீன் ஆகியவற்றைப் பற்றிய எந்த முடிவையும் இந்தக் கணக்கிலிருந்து தொடங்கினால்தான் சரியாக எடுக்க முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கடல் எவ்வளவு நிலையானது என்று தெரிந்தால்தான் தொட்டி எவ்வளவு நிலையற்றது என்பது உறைக்கும். 1819இல் அலெக்சாண்டர் மார்செட் வெவ்வேறு கடல்களின் நீரைச் சோதித்து, உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடிக் குறைந்தாலும் அதில் கலந்துள்ள பொருள்களுக்கு இடையிலான விகிதம் ஏறத்தாழ மாறுவதில்லை என்று கண்டார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் அலசிப் பார்த்து, 1884இல் அதை உறுதிப்படுத்தினார். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். பவளப்பாறைகள் இருக்கும் வெப்பக் கடல்களில் இந்த அளவு ஆண்டு முழுவதும் சிறிதே அசையும். வெப்பநிலையும் அப்படித்தான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் தம் திசுக்களுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளை இழந்து வெளுத்துப் போகின்றன. அந்தப் பாசிகள்தான் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, பவளத்தின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியைத் தருகின்றன. மாற்றமே அரிதான இடத்தில் பல லட்சம் ஆண்டுகள் வாழ்ந்து பழகிய உயிர்களைத்தான் நாம் மாற்றமே வழக்கமான ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அழைக்கிறோம்.

அந்த மாற்றம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கனசதுரமான ஒரு 40 லிட்டர் தொட்டியின் பக்கம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். பக்கத்தை இரட்டித்தால் கொள்ளளவு எட்டு மடங்காகி 320 லிட்டர் ஆகும். ஆனால் காற்றுபடும் மேற்பரப்பு நான்கு மடங்குதான் கூடும். சின்னத் தொட்டியில் இரண்டு லிட்டர் ஆவியாகும் நேரத்தில் பெரியதில் எட்டு லிட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவே சின்னத் தொட்டியின் உப்பு 35இலிருந்து 36.8க்கு ஏறும், பெரியதில் 35.9ஐத் தாண்டாது. அதே அலட்சியம், அதே நாட்கள். தண்டனை மட்டும் இரட்டிப்பு. புதிதாகத் தொடங்குபவர் செய்யும் அடுத்த தவறு, குறைந்த மட்டத்தைப் பார்த்துவிட்டு உப்பு கரைத்த நீரையே ஊற்றுவது. குறைந்தது நன்னீர், எனவே நிரப்ப வேண்டியதும் நன்னீர்தான். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு கிழித்து, தினமும் அந்தக் கோடு வரை நன்னீர் விடுவது ஒரு நிமிட வேலை. அதை வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகச் செய்தால், ஏழு நாள் ஏறிய உப்பு ஒரே நிமிடத்தில் இறங்கும். மெல்ல ஏறுவதை ஓரளவு தாங்கும் உயிர்கள்கூட இந்தத் திடீர் இறக்கத்தில் தடுமாறும்.

வெப்பத்திலும் காற்றிலும் இதே கதைதான். சித்திரை வெயிலில் சென்னையிலோ மதுரையிலோ குளிர்சாதனம் இல்லாத அறைக்குள் சிறிய தொட்டியின் நீர் முப்பது டிகிரியைத் தாண்டுவது எளிது. மேலே ஒரு சிறு மின்விசிறி வைத்தால் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும், மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல. ஆனால் விசிறி இறக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் விலையாக உப்பு ஏறுகிறது, கோடுவரை நீர்விடும் வேலை கூடுகிறது. கடலோர ஊரின் ஈரக்காற்றில் விசிறியின் பலனும் குறைவு. ஆக்ஸிஜன் கணக்கு இதைவிடக் கடுமையானது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் முழுச் செறிவில் தாங்கும் ஆக்ஸிஜன் ஏழு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. நன்னீரைவிட இது குறைவு, வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். நாற்பது லிட்டருக்கு மொத்தமே கால் கிராமுக்குச் சற்று மேல். மீன், இறால், பாக்டீரியா என்று அத்தனைக்கும் அந்தக் கால் கிராமிலிருந்துதான் பங்கு. நீரைச் சுழற்றும் மோட்டார் மேற்பரப்பைக் கலக்கி அதை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் நின்றால் அந்த நிரப்பலும் ஏறத்தாழ நின்றுபோகிறது. ஆகவே முதல் மீனை வாங்குவதற்கு முன்பே வாங்க வேண்டியது, மின்தடையில் ஓடும் பேட்டரி காற்றுப் பம்பு.

இங்கே ஒரு மறுப்பு எழும். நீர்மட்டம் குறைந்தால் தானே நிரப்பும் கருவி இருக்கிறது. வெப்பம் ஏறினால் குளிர்விக்கும் சில்லர் இருக்கிறது. குளிர்ந்தால் ஹீட்டர் இருக்கிறது. காலத்தையும் பொறுமையையும் ஏன் இவ்வளவு பேச வேண்டும், பணத்தால் வாங்கிவிட முடியாதா? ஓரளவு முடியும். நீர்மட்டக் கருவி சிறிய தொட்டிக்குச் செய்யும் உதவி பெரிது. ஆனால் கருவி பழுதாகும்போதும் பழைய கணக்கே திரும்பி வருகிறது. 100 வாட் ஹீட்டரின் வெப்பக் கட்டுப்பாடு ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றால், வெளியே கசியும் வெப்பத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 40 லிட்டர் நீர் மணிக்கு இரண்டு டிகிரிக்கு மேல் சூடாகும். 320 லிட்டர் நீருக்கு அதே ஹீட்டர் மணிக்குக் கால் டிகிரி அளவே ஏற்றும். ஒருவர் இரவு தூங்கப் போய்க் காலையில் எழுவதற்குள் முதல் தொட்டி முடிந்திருக்கும். இரண்டாவதைக் காப்பாற்ற நேரம் மிச்சமிருக்கும். பெரிய நீர்நிலை நமக்குக் கொடுப்பது தவறைக் கவனிக்கும் அவகாசத்தைத்தான். கருவி அந்த அவகாசத்தைத் தருவதில்லை, தவறு நேரும் வாய்ப்பைக் குறைக்கிறது, அவ்வளவே. எனவே சிறிய தொட்டிக்குக் கருவி வாங்குபவர் தினமும் இரு முறை வெப்பமானியைப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. அது கடையில் கிடைக்காது.

நீரைத் தயாரிப்பதும் இந்தக் கணக்கின் பகுதிதான். உப்பு விளையும் நாட்டில் பலருக்கு எழும் கேள்வி, தூத்துக்குடி உப்பையே கரைத்தால் என்ன என்பது. உப்பளத்தில் நடப்பதைப் பார்த்தால் விடை தெரியும். பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் பிரிகிறது, பிறகு ஜிப்சம், அதற்கும் பின்னரே சோடியம் குளோரைடு. அது படிந்ததும், மக்னீசியம் மிகுந்து கசக்கும் எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். அந்தக் கசப்பு உணவில் சேரக் கூடாது என்பதுதான் உப்பளக்காரரின் திறமை. ஒரு கிலோ கடல்நீரில் 19 கிராமுக்கு மேல் குளோரைடு, 11 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம், 2.7 கிராம் சல்பேட், 1.3 கிராம் மக்னீசியம், சுமார் 0.4 கிராம் வீதம் கால்சியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. சமையல் உப்பு முதல் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்த பண்டம். ஓடு கட்டும் நத்தைக்கும் பவளத்துக்கும் வேண்டியது, கழித்துவிட்ட அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. டிட்மார் கண்ட விகிதத்தை ஒட்டிக் கலந்து விற்கப்படும் செயற்கைக் கடலுப்பையே வாங்க வேண்டியிருப்பது இதனால்தான். நாற்பது லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ பிடிக்கும். தனி வாளியில் கரைத்து, மோட்டார் போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டிய பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

கடற்கரை ஊரில் இருப்பவர் அடுத்ததாகக் கேட்பார்: செயற்கை உப்பு எதற்கு, பத்து நிமிட தூரத்தில் கடலே இருக்கிறதே? கேள்வி நியாயமானது, ஆராய்ச்சி நிலையங்கள் பலவும் கடல்நீரையேதான் பயன்படுத்துகின்றன. ஆனால் அவை வடிகட்டி, தேக்கி, கிருமி நீக்கிப் பயன்படுத்துகின்றன. கரையோரம் வாளியில் மொண்டுவரும் நீர் பவளப்பாறையின் நீர் அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று முகங்களை ஒட்டிய கரைநீரின் உப்பு வெகுவாக இறங்கிவிடும்; நகரக் கழிவும் படகு எண்ணெயும் சேர்ந்திருக்கும். அந்த வாளியில் இருக்கும் மிதவை உயிர்கள் இருட்டில் மூடி வைத்ததும் செத்து அழுகத் தொடங்குகின்றன. இன்று மொண்ட நீருக்கும் அடுத்த மாதம் மொள்ளும் நீருக்கும் வேறுபாடு இருக்கும். சிறிய தொட்டி தாங்காதது அந்த வேறுபாட்டைத்தான். குழாய் நீருக்கும் இதே தடை. அதிலுள்ள குளோரின் மீனின் செவுளையும் நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் வேண்டாத பாசிக்கு உரமாகும். பழைய குழாய்களிலிருந்து வரும் செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். ஆர்.ஓ. சுத்திகரிப்பும் அதன் பின் அயனி நீக்கும் பிசின் குடுவையும் தாண்டிவந்த நீரே உப்பு கரைக்கவும் மட்டம் நிரப்பவும் ஏற்றது.

இனி, கண்ணுக்குத் தெரியாத பகுதி. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று, மின்னேற்றம் பெற்ற அம்மோனியம், தீங்கு குறைவு. மற்றது, செவுளை எளிதில் ஊடுருவும் அம்மோனியா, நஞ்சு. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். அளவு தீர்மானிக்கிறது. நடுநிலையான நன்னீரில் நஞ்சு வடிவம் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. 8.2 அளவுள்ள கடல்நீரில் அது பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். தங்கமீன் தொட்டியில் ஓரளவு மன்னிக்கப்படும் அழுக்கு இங்கே கொலையாவது இதனால்தான். கடலில் இந்த நஞ்சு விரிந்து கரைந்துவிடுகிறது. நாற்பது லிட்டரில் அதற்கு இடமில்லை. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் பாறையிலும் மணலிலும் படலமாகக் குடியேறினால்தான் தொட்டி உயிர்களை ஏற்கும். ஆனால் அவை மெதுவாகப் பெருகும் இனங்கள். குடலில் வாழும் ஈகோலை நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கிறது. அம்மோனியாவைத் தின்று வாழ்பவற்றுக்கு அரை நாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அந்தத் தீனியில் கிடைக்கும் ஆற்றல் அவ்வளவு சொற்பம். தொட்டியை மூன்று முதல் ஆறு வாரம் மீனில்லாமல் ஓடவிட வேண்டும் என்ற விதி இந்தப் பெருக்க வேகத்திலிருந்து பிறந்தது. யாரோ ஒருவரின் எச்சரிக்கை உணர்வு வகுத்த விதியல்ல அது.

செய்முறை எளிது. பாறையும் மணலும் உப்புநீரும் நிரப்பி, மோட்டார் ஓட, லிட்டருக்கு சுமார் இரண்டு மில்லிகிராம் வரும்படி அம்மோனியாவைச் சேர்த்துவிட்டு, சோதனைத் திரவங்களால் நாள்விட்டு நாள் அளக்க வேண்டும். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்க, நைட்ரேட் மிஞ்சும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் இரண்டு கட்டத்தையும் கடந்து காணாமல் போனால் தொட்டி தயார். புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றினால் இந்தக் காத்திருப்பு தேவையில்லையே என்பார்கள். பாலில் உறைமோர் விடுவது போன்றதுதான் அது. நல்ல உறை விட்டால் தயிர் சீக்கிரம் தோயும். ஆனால் ஊற்றிய கையோடு தோய்ந்துவிடாது, உறை பழுதாயிருந்தால் தோயாமலும் போகும். புட்டி நாட்களைக் குறைக்கலாம், சோதனையைக் குறைக்க முடியாது. இந்த நுண்ணுயிர்ச் சமூகத்தைப் பற்றிய அறிவே இன்னும் இளமையானது என்பதையும் நினைவில் வைக்கலாம். அம்மோனியாவை ஆக்ஸிஜனேற்றி வாழ்பவை பாக்டீரியாக்களே என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தார்கள். 2005இல், சியாட்டில் காட்சியகத்தின் வெப்பக் கடல் தொட்டி ஒன்றிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்ற, பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா வகை உயிரைப் பிரித்தெடுத்தார்கள். அதே வேலையை அதுவும் செய்துகொண்டிருந்தது. அதன் உறவினங்கள் பெருங்கடல்களில் எண்ணற்றுப் பரந்திருப்பதும் தெரியவந்தது. பொதுமக்கள் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற தொட்டியில், அறிவியலுக்கே தெரியாத தொழிலாளி ஒருவன் சரளைக்கல்லில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான்.

அம்மோனியா அடங்கியதும் பொறுமைச் சோதனை முடிந்துவிடுவதில்லை. அடுத்த சில மாதங்களில் மணல்மேல் பழுப்புத் தூள் படியும். அது சிலிக்கேட்டில் வாழும் டயாட்டம். பிறகு பாறையில் பச்சை முடிப்பாசி, சில இடங்களில் செந்நிறச் சளி போன்ற நீலப்பச்சைப் பாக்டீரியா. வெறுமையான பாறை ஒரு புறம்போக்கு. வேகமாக முளைப்பது முதலில் வந்து குடியேறும். மெதுவாக வளரும் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியும், மேய்ச்சல் நத்தைகளும், பல்வகை நுண்ணுயிரிகளும் இடம் பிடித்த பிறகுதான் நிலம் சீராகும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காமல் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான். பாசியைக் கண்டு பயந்து பாறையை எடுத்துக் கழுவுவார்கள், மருந்து ஊற்றுவார்கள், எல்லா நீரையும் மாற்றுவார்கள். ஒவ்வொன்றும் கடிகாரத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பி வைக்கும் செயல். தீனியைக் குறைத்து, விளக்கு நேரத்தைச் சுருக்கி, கையால் பிடுங்கி எடுத்துக்கொண்டு காத்திருப்பதே இங்கே வைத்தியம்.

காலம் அளவை ஈடுகட்டும் என்பதற்கு வீட்டுத் தொட்டியின் வரலாறே சாட்சி. 1846இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி தென்மேற்கு இங்கிலாந்தின் டார்கீ கடற்கரையிலிருந்து சிறு கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். மோட்டார் கிடையாது, உப்புக் கலவை கிடையாது. வேலைக்காரப் பெண் ஒருத்தி திறந்த ஜன்னலருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் வெகுநேரம் ஆற்றிக்கொண்டிருந்தாள். நம் ஊரில் டீ ஆற்றுவது போலத்தான். காற்று நீரில் கலந்தது, பவளங்கள் பிழைத்தன. கடலலை சும்மா செய்யும் வேலைக்கு ஒரு மனிதரின் அன்றாட உழைப்பு விலையாயிற்று. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் வேறொரு வழியை எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகளை அடுக்கி, காற்றுக் குமிழிகள் மட்டும் விட்டுப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். அவரிடம் சிக்கலான கருவி எதுவும் இல்லை என்பதை வைத்து, இது எளிய வேலை என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்தப் பாறைகளின் துளைகளுக்குள் கடல் ஆண்டுக்கணக்கில் குடியேற்றி வைத்த நுண்ணுயிர்ச் சமூகம் இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவரும் காலத்தைத்தான் பயன்படுத்தினார். கடல் செலவிட்டிருந்த காலத்தை.

அந்தக் குறுக்குவழி இன்று நமக்கு இல்லை, இருக்கவும் கூடாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல் பவளங்கள், கருப்புப் பவளங்கள், தீப் பவளங்கள், கடல் விசிறிகள், கடல்குதிரைகள் எல்லாம் இடம்பெற்றிருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. கடலிலிருந்து பெயர்த்த பவளக்கல் ஒன்றைத் தொட்டியில் வைப்பதும் இதற்குள் அடங்கும். பவளமில்லாமல் பவளப்பாறைத் தொட்டியா என்று கேட்கலாம். பாறையின் வேலை இரண்டு: நுண்ணுயிரிக்கு வீடு, மீனுக்கு மறைவிடம். துளைகள் நிறைந்த பீங்கான் கல்லோ வார்ப்புக் கல்லோ இரண்டையும் செய்யும். சிமென்ட் சேர்ந்த வார்ப்பானால் நீரின் காரம் அடங்கும்வரை வாரக்கணக்கில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். வளர்ப்புப் பவளங்களைச் சட்டப்படி விற்கும் நாடுகளில் வாழ்பவர்கூட முதல் ஆறு மாதம் இப்படி ஓட்டுவது நல்லது. பவளம் தன் எலும்பைக் கட்ட நீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் நாள்தோறும் உறிஞ்சும். சிறிய தொட்டியில் அந்தக் கையிருப்பு வேகமாகத் தீரும். அதை அளந்து ஈடுசெய்யும் பழக்கம் வருவதற்கு முன் பவளத்தை வாங்குவது, கடிவாளம் பிடிக்கத் தெரிவதற்கு முன் குதிரை வாங்குவது.

மீன் தேர்விலும் அளவே எஜமான். திரைப்படத்தால் புகழ்பெற்ற நீல டாங் மீன் முப்பது சென்டிமீட்டர் வரை வளர்ந்து, நாளெல்லாம் நீந்தித் திரியும். நாற்பது லிட்டர் அதற்குச் சிறை. அதே படத்தின் கோமாளி மீன் ஒரு சோடி இங்கே வாழும். இயற்கையிலேயே ஒரு கடல் சாமந்தியை விட்டு அதிகம் விலகாத இனம் அது. தொட்டியில் சாமந்தி இல்லாமலும் இருந்துகொள்ளும். இன்னொரு நன்மை, அது பண்ணையில் பிறந்த மீனாகவே கிடைக்கும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. சோடி சேர்ந்த பிறகும் ஒன்றை முதலில் விட்டு, அடுத்ததற்கு நாட்கள் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு மீனும் கூடுதல் அம்மோனியா. நுண்ணுயிர்ப் படலம் அதற்கேற்பப் பெருக வேண்டும்.

பிறகு வருவது வாரக் கடமை. ஒவ்வொரு வாரமும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்த நீரை ஊற்ற வேண்டும். நாற்பது லிட்டரில் அது ஒரு சின்ன வாளி. பத்து சதவீதம் மாற்றி என்ன ஆகும், தொண்ணூறு சதவீத அழுக்கு அப்படியே இருக்கிறதே என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. வாரத்துக்கு ஓர் அளவு நைட்ரேட் சேர்கிறது என்றால், வாரம் தவறாமல் பத்தில் ஒன்றை எடுக்கும் தொட்டியில் அது பத்து வாரச் சேர்மானத்துக்கு மேல் எப்போதும் ஏறாது. அந்த அளவில் வரவும் செலவும் சமமாகிவிடும். ஐந்து வாரம் விட்டுவிட்டு ஒரே நாளில் பாதியை மாற்றுபவரும் ஏறத்தாழ அதே நீரைத்தான் செலவழிக்கிறார். ஆனால் உயிர்களுக்கு அவர் கொடுப்பது ஐந்து வாரச் சரிவும் ஒரு நாள் அதிர்ச்சியும். சிறிய தொட்டியின் ஒரே சலுகையும் இங்கேதான் இருக்கிறது: அதன் வாரக் கடமை ஒரு வாளியில் முடிந்துவிடும். முதல் பத்தியில் மறுத்த அறிவுரையை இந்த நிபந்தனையோடு ஏற்கலாம். தினம் ஒரு நிமிடமும் வாரம் அரை மணியும் தவறாமல் தர முடிந்தவர் சின்னதாகவே தொடங்கலாம்; முடியாதவருக்குப் பெரிய தொட்டிதான் சிக்கனம்.

கடைசி மறுப்பு நெறி சார்ந்தது. கடல் சூடாகிப் பவளங்கள் வெளுக்கும் காலத்தில், கடலை வரவேற்பறைக்குக் கொண்டுவருவது தேவையா? இந்தப் பொழுதுபோக்கு செய்த தீங்குகள் உண்மையானவை. சயனைடு பீய்ச்சி மீன் பிடிக்கும் வழக்கம் தென்கிழக்காசியப் பாறைகளைக் கெடுத்தது. தொட்டியில் வளர்ந்த கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி 1984இல் மொனாக்கோ கடலடியில் காணப்பட்டு, மத்தியதரைக் கடலில் பரந்து பரவியது. தொட்டி நீரையும் பாசியையும் கடலிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது என்பதற்கு அதுவே பாடம். மறுபுறம், லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தினர் நிலவையும் பருவத்தையும் விளக்குகளால் நடித்துக் காட்டி, 2013இல் மூடிய தொட்டிக்குள் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். பாறைகளை மீட்கும் முயற்சிகளுக்கு அது ஒரு கருவியானது. வீட்டுத் தொட்டி இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை, வளர்ப்பவர் அதற்குள் என்ன வைக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது.

மன்னார் வளைகுடா இதற்கு அளவுகோல் தருகிறது. அங்குள்ள 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் தூத்துக்குடிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பருத்த பாறையாக வளரும் போரைட்டிஸ் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் தடிக்கும். மனிதத் தலையளவுள்ள ஒரு கல்லில் பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் உறைந்திருக்கிறது. கடப்பாரைக்கு அது ஒரு நிமிடம். நாற்பது லிட்டர் நீரைச் சீராக வைத்திருக்க நாளும் வாரமும் கணக்குப் பார்த்துப் பழகியவருக்கு அந்தக் கல்லின் விலை தெரிந்திருக்கும். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினால், அதில் அப்படிப் பழகியவர் முதலில் எண்ணிப் பார்ப்பது ஆண்டுகளாகத்தான் இருக்கும்.